அஞ்சலாட்சி வாய்க்கு எந்த சர்க்கார்

1977ஆம் வருடம் தை மாதம் பதினொன்றாம் தேதி திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, முத்தியால்பேட்டைத் தெருக்குழாயடியில் அஞ்சலாட்சி தன் மருமகனைத் திட்டிய திட்டு, அதே நிமிடத்தில் பிரான்சு தேசத்தில் மோன்வியேல் என்ற ஊரில், ஒரு மூன்றாம் மாடி அறையில், அவன் தலைமாட்டில் கேட்டது. நடுவில் ஐயாயிரம் மைல். திட்டு ஓர் எழுத்தைக்கூட வழியில் தவறவிடவில்லை. தந்தி என்றால் வார்த்தைக்கு இவ்வளவு என்று கட்டவேண்டும், டிரங்கால் என்றால் மூன்று நாள் தவம் கிடக்கவேண்டும். இதற்குப் பிடித்ததெல்லாம் குடத்தை இறக்கிவைத்து இடுப்பில் கை வைக்கிற நேரம்தான்.

விஷயம் ஊருக்குத் தெரிந்தது பதினெட்டு நாள் கழித்து வந்த ஒரு கடிதத்தால். எழுதியவர் மருமகனுக்குப் பக்கத்து அறையில் குடியிருந்த ஒரு காரைக்கால்காரர். அம்மணி, தாங்கள் யாரோ எனக்குத் தெரியாது, ஆனால் தங்கள் திட்டு தினமும் ராத்திரி ஒன்றரை மணிக்குச் சுவரைத் தாண்டி எனக்கும் சேர்த்து விழுகிறது, செவ்வாய்க்கிழமை சொன்ன வார்த்தையில் நான் கட்டிலை விட்டே இறங்கிவிட்டேன், வேலைக்குப் போகிறவர்கள் நாங்கள், கொஞ்சம் பார்த்துத் திட்டவும் என்று எழுதியிருந்தார். கடிதத்தைப் படித்துக் காட்டியவள் குழாயடித் தோழி செல்வாம்பாள். அஞ்சலாட்சி ஆச்சரியமெல்லாம் படவில்லை. "கேக்கட்டும். கேக்கணும்னுதானே திட்டறேன்" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கினாள். பஞ்சாலையில் நூல் சுற்றும் பிரிவில் இருபத்திரண்டு வருடம் இயந்திரச் சத்தத்தின் தலைமேல் ஏறி நின்று பேசிப் பழகிய தொண்டை அது. அவள் மில்லில் இருமினால் பெரியகடை வீதியில் தராசு முள் ஆடும் என்று சத்தியம் செய்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

மருமகன் பெயர் கன்னியப்பன், முதலியார்பேட்டைக்காரன். அப்பா வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை. அந்த வருடங்களில் புதுச்சேரியில் பிரெஞ்சுக் காகிதம் வைத்திருந்த மாப்பிள்ளைக்கு மூக்கு இல்லாவிட்டாலும் பெண் கிடைக்கும். இவனுக்கு மூக்கும் இருந்தது, பெரிதாகவே இருந்தது. 1974 தை மாதத்தில் அஞ்சலாட்சியின் ஒரே மகள் தனக்கொடிக்கும் அவனுக்கும் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. இருநூற்று நாற்பது பேர் சாப்பிட்டார்கள். பிரெஞ்சுக்காரன் சட்டப்படி, மேரி என்று ஊர் சொல்லும் நகராட்சிக் கட்டடத்தில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் அது கல்யாணம். அடுத்த லீவில் போட்டுக்கொள்ளலாம் அத்தை என்றான் மாப்பிள்ளை. இருநூற்று நாற்பது வாய் தின்ற கல்யாணத்துக்குக் காகிதம் என்ன சாட்சி சொல்லப்போகிறது என்று நினைத்தாள் அஞ்சலாட்சி. தின்ற வாய் எந்தக் கோர்ட்டிலும் சாட்சிக்கு வராது என்பது அவளுக்கு அப்போது தெரியாது. நாற்பது நாள் கழித்துக் கன்னியப்பன் விமானம் ஏறினான். ஒரு தீபாவளிக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. குழந்தை வசந்தா பிறந்ததற்குத் தந்தி கொடுத்தார்கள், போட்டோ அனுப்பினார்கள். பதில் இல்லை. அங்கே அவன் பதிவில் மணமாகாதவன் என்றே இருப்பதாகவும், அப்படியே இருக்க அவன் விரும்புவதாகவும் பிறகு தெரிந்தது.

அதனால் தனக்கொடி கட்டினவளும் இல்லை, கட்டாதவளும் இல்லை. மறுகல்யாணம் செய்ய வழியில்லை, செலவுக்குக் கேட்டு வாங்கப் புருஷன் இல்லை. வசந்தாவின் பிறப்புச் சீட்டில் அப்பா பெயருக்கு நேரே ஒரு கோடு. அந்தக் கோட்டை அழிக்கத்தான் அஞ்சலாட்சி இரண்டு வருடம் அலைந்தாள். மஞ்சள் சுண்ணாம்பு அடித்த அலுவலகம் ஒன்று, பிரெஞ்சுச் சட்டம் பார்ப்பது. வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த அலுவலகம் ஒன்று, இந்தியச் சட்டம் பார்ப்பது. மஞ்சளில், கல்யாணம் இந்திய மண்ணில் நடந்தது, எங்கள் பதிவில் இல்லை, வெள்ளைக்குப் போ என்றார்கள். வெள்ளையில், மாப்பிள்ளை பிரெஞ்சுக்காரன், இருப்பது பிரான்சில், எங்கள் சம்மன் கடல் தாண்டாது, மஞ்சளுக்குப் போ என்றார்கள். இரண்டுக்கும் நடுவே நடந்த நடையில் அவள் செருப்பு தேயவில்லை, தெரு தேய்ந்தது. இன்றும் அந்த இடத்தில் மழைத்தண்ணீர் நிற்கும். சட்டம் என்பது கடற்கரையில் முழங்கால் நனைய நின்று அலையைப் பார்த்துப் பயப்படுகிற ஜந்து என்று அவளுக்கு அப்போது பிடிபட்டது. பதினான்காவது தடவை திரும்பி வந்த மறுநாள் காலைதான் குழாயடியில் நின்று முதல் திட்டைத் திட்டினாள்.

மோன்வியேல் சின்ன ஊர். முதல் வாரம் மூன்றாம் மாடிக்கு மட்டும் கேட்டது. மாசிக்குள் கட்டடம் முழுவதும் கேட்டது. பங்குனியில் தேவாலயத்துப் புறாக்கள் கூண்டோடு பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்தன. ரொட்டி சுடுகிறவன் அவள் குரலுக்கு அடுப்பு மூட்டி வியாபாரத்தில் முன்னேறினான். அங்கே ஒருவருக்கும் தமிழ் தெரியாது, ஆனாலும் யாரோ யாருக்கோ துரோகம் செய்திருக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் புரிந்தது. கடைத்தெருவில் கன்னியப்பனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவன் வக்கீலைப் பிடித்தான். வக்கீல் சொன்ன புத்தி ஒன்றுதான்: என்ன கேட்டாலும் பதில் பேசாதே. பிறகு புகார் எழுதினார். இரவு பத்து மணிக்குமேல் சத்தம் போடுவது குற்றம், ஒருவரை வாய்க்கு வந்தபடி பேசுவது குற்றம், இரண்டையும் முத்தியால்பேட்டையில் வசிக்கும் அஞ்சலாட்சி என்பவள் மோன்வியேலில் தினந்தோறும் செய்கிறாள்.

தனக்கொடிக்காக இரண்டு வருடம் கடல் தாண்டாத சட்டம், இந்தப் புகாரைத் தூக்கிக்கொண்டு பதினோரே நாளில் கடல் தாண்டி முத்தியால்பேட்டை வந்து சேர்ந்தது. மூச்சுகூட வாங்கவில்லை.

கொண்டுவந்தவர் புதுச்சேரிப் போலீசின் சிவப்புத் தொப்பி ஏட்டு கோவிந்தராசு.

"இன்னாம்மா, நீ பிரான்சுல கலாட்டா பண்றியாமே?"

"நான் எங்க பிரான்சுக்குப் போனேன்? பஸ்ஸுக்குக் காசில்லாம மில்லுக்கே நடந்து போறேன்."

"நீ போவல. உன் வாய் போயிருக்கு."

"அப்ப வாயத் தனியாப் புடிச்சிக்கினு போ. நான் வூட்ல சோறாக்கணும்."

ஏட்டு அரை மணி நேரம் நின்று பார்த்தார். வாயை மட்டும் கைது செய்யச் சட்டத்தில் படிவம் இல்லை. திரும்பிப் போய் அப்படியே எழுதிவைத்தார்.

அதற்குள் தமிழ்நாட்டுப் போலீசுக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்தத் தெருவின் வடக்குக் கோடிதான் மாநில எல்லை. குழாய் புதுச்சேரி, வரிசை நீண்டால் கடைசிக் குடம் தமிழ்நாடு. திட்டு வடக்கு நோக்கித்தான் கிளம்புகிறது, ஆகவே அது முதலில் நுழைவது எங்கள் வட்டம் என்று அவர்கள் ஒரு நாடாவோடு வந்து அளந்தார்கள். அஞ்சலாட்சியின் இடது கால் பெருவிரல் அவர்கள் பக்கம் இரண்டு அங்குலம் இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். "வெரல வேணும்னா வெச்சிக்க, தண்ணி வர்ற நேரத்துல நடுவுல நிக்காத" என்றாள் அவள். வெள்ளைச் சுண்ணாம்பில் ஓர் அதிகாரி இன்னும் ஆழமாக யோசித்து, திட்டு போகும் வழியில் இருக்கிற பதினேழு தேசங்களுக்கும் ஆட்சேபம் உண்டா என்று கேட்டுக் கடிதம் போட்டார். ஒரே ஒரு தேசம் பதில் எழுதியது. தங்கள் வான்வெளியில் அத்தகைய பொருள் எதுவும் சுங்கம் கட்டாமல் கடந்ததாகப் பதிவில் இல்லை என்று. அந்த அதிகாரிக்கு அடுத்த வருடம் பதவி உயர்வு கிடைத்தது.

பிறகு மொழிபெயர்ப்பு. திட்டை விசாரிக்கவேண்டுமென்றால் திட்டு கோர்ட்டு பாஷையில் வேண்டும். மஞ்சள் சுண்ணாம்பில் மூன்று பேர் எட்டு மாதம் உட்கார்ந்து அகராதி புரட்டினார்கள். மூதேவி என்பதை மூத்த தெய்வம் என்று எழுதினார்கள். கட்டையிலே போறவனே என்பதை மரத்தில் பயணம் செய்பவரே என்று எழுதினார்கள். மோன்வியேல் நீதிபதி படித்துப் பார்த்துவிட்டு, மாமியார் மருமகனைக் கடவுளாகக் கருதுகிறாள், கப்பல் பயணத்துக்கும் வாழ்த்துகிறாள், இதில் புகார் என்ன என்று கேட்டார். மறுபடி எட்டு மாதம். அதற்குள் இன்னொரு சிக்கல். கோடையில் அந்த ஊர்க்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்களாம். அதனால் ஒன்றரை மணிக் குற்றம் இரண்டரை மணிக் குற்றமாகிவிட்டது. புகாரில் இருப்பது வேறு குற்றம் என்று ஒரு வக்கீல் எழுந்தார். இத்தனைக்கும் முத்தியால்பேட்டையில் அது விடிந்த காலை ஆறு மணி, கோழி கூவி, பால்காரர் போய், ஊரே எழுந்து உட்கார்ந்த நேரம். விடிகாலையில் வாய் திறந்தவள் நடுராத்திரியில் சத்தம் போட்டவள் எப்படி ஆவாள்? வாய் திறந்த இடமா, காது கேட்ட இடமா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டு தேசத்துப் படித்த மனிதர்கள் மூன்று வருடம் சம்பளம் வாங்கினார்கள். நடுவில் ஒரு மாதம் குழாய்க்குச் சீல் வைத்துப் பார்த்தார்கள். அவள் வறண்ட குழாயைப் பார்த்துத் திட்டினாள். அதுவும் போய்ச் சேர்ந்தது, கூடவே தாகத்தின் கோபமும் சேர்ந்து போனதில் மூன்றாம் மாடிக் கண்ணாடி ஜன்னல் இரண்டு விரிசல் விட்டது. தெருவே குடத்தோடு கிளம்பி வெள்ளைச் சுண்ணாம்பு வாசலில் உட்கார, சீலைப் பிரித்தார்கள்.

இந்த வருடங்களில் தனக்கொடி இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. காலையில் வரிசையில் நிற்பாள், அம்மா திட்டி முடிக்கும்வரை காத்திருந்து குடத்தை வைப்பாள். வசந்தாவுக்குப் பள்ளிக்கூடத்தில் சேர வயது வந்தது. பெயர் எழுதுகிற இடத்தில் தலைமையாசிரியர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அப்பா பேர் என்று கேட்டார். தனக்கொடி சொன்னாள். சீட்டு இருக்கா என்றார். அவள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்று அஞ்சலாட்சி சோறு தின்னவில்லை.

1981இல் கோர்ட்டு ஒரு முடிவுக்கு வந்தது. திட்டை நேரில் கேட்டு எழுதவேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில். பிரெஞ்சுச் சட்டத்தில் உய்சியே என்று ஓர் உத்தியோகம் உண்டு. கோர்ட்டு அனுப்பிய இடத்துக்குப் போய், கண்டதையும் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதி முத்திரை குத்துகிறவர். எழுதிவிட்டால் கடவுளே வந்து கெஞ்சினாலும் அடிக்கமாட்டார். மோன்வியேல் அறையில் ஓர் உய்சியே, முத்தியால்பேட்டைக் குழாயடியில் ஓர் உய்சியே. இங்கே வந்தவர் பிரெஞ்சுக்காரன் காலத்தில் அந்த வேலை பார்த்து ஓய்ந்திருந்த தேவதாஸ், பிரெஞ்சு மரியாதையில் முசியே தேவதாஸ். கோட்டு போட்டுக்கொண்டு, மடக்கு மேஜையும் மசிக்கூடும் கொண்டுவந்து, குழாய்க்கு நாலடி தள்ளி உட்கார்ந்தார். தெருவே கூடி நின்றது. சிவப்புத் தொப்பி ஒரு பக்கம், எல்லைக்கு அந்தப்புறம் தமிழ்நாட்டுத் தொப்பி ஒரு பக்கம்.

அஞ்சலாட்சிக்குச் சட்டம் தெரியாது. குழாயடி தெரியும். குழாயடிக்கு இருப்பது ஒரே சட்டம்: சண்டையில் முதலில் வாய் மூடுகிறவர் குற்றத்தை ஒப்புக்கொண்டவர். எட்டு வயதிலிருந்து அவளுக்கு அது பாடம். முதலியார்பேட்டைக் குழாயடியில் அம்மா இடுப்பில் தொங்கியபடி வளர்ந்த கன்னியப்பனுக்கும் அதே பாடம்தான். வக்கீல் புத்தியால் நாலு வருடம் அவன் அடக்கிவைத்த வாய் எவ்வளவு புழுங்கியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சட்டைக்குள் நெருப்பைப் போட்டுக்கொண்டு எத்தனை நாள் பொத்தான் போடுவான்? ஆகவே அன்று காலை அவள் திட்டவில்லை. கோபத்தை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, மெதுவாக உய்சியே பக்கம் திரும்பினாள்.

"எழுதறவரே, நல்லா எழுதிக்க. எம்பொண்ணு கழுத்துல தாலி கட்டினது இந்தக் கன்னியப்பன் இல்ல. இவனுக்கு அரணாக்கவுறு கட்டவே ஆள் வேணும். இவன் கையில முடிச்சி நிக்குமா? அன்னிக்கி மணையில குந்தியிருந்தவன் வேற எவனோ. பார்த்தா ஆம்பளையாட்டம் இருந்தான்."

தேவதாஸின் பேனா ஓடி முடித்து நின்றது. குழாய் ஒரு தரம் இருமியது. பிறகு அதன் வாயிலிருந்து, தண்ணீருக்குப் பதில், முதலியார்பேட்டைக் குரல் ஒன்று பீறிட்டது.

"எவன்? வேற எவன்? நாந்தான் கட்னேன்! மூணு முடிச்சும் நாந்தான் போட்டேன்! எங்கக்கா பொடவக் கலரு புடிக்கலன்னு மண்டபத்துக்கு வெளிய மூஞ்சத் தூக்கிக்கினு நின்னா. நாத்தனார் போடற முடிச்சயும் சேத்து நானே போட்டேன்!"

"இவன் போட்டானாம். என்னிக்கிப் போட்டியாம்?"

"தை மாசம் பதினெட்டாந் தேதி! மாரியம்மங் கோயில் மண்டபத்துல! பந்தியில வடை பத்தல, எங்க பெரியப்பா எலய வுட்டு எந்திரிச்சிட்டாரு, மானம் போச்சி எனக்கு!"

"அப்ப வசந்தா? அதுவும் எவனோ பெத்ததா?"

"எம்பொண்ணு! போட்டோல பார்த்தேன், எம்மூக்கு!"

"கொஞ்சம் மெதுவா, முசியே" என்றார் தேவதாஸ் குழாயைப் பார்த்து. "வடை வரைக்கும் வந்துட்டேன். மூக்கு இப்பத்தான் எழுதறேன்."

தனக்கொடி வரிசையிலிருந்து வந்து குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள். ஏழு வருடத்தில் முதல் தடவையாகப் புருஷனிடம் பேசினாள். "கேட்டுச்சி. போய்ப் படு."

குழாயில் தண்ணீர் வந்தது. முத்திரை விழுந்தது.

மோன்வியேல் அறையில் உட்கார்ந்திருந்த உய்சியேவும் அதையே, வடை உட்பட, எழுதி முத்திரை குத்தியிருந்தார். அதோடு மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் ஓடி ஒளிய இடமில்லாமல் போயிற்று. வாய் திறந்த இடத்திலும் ஒரு முத்திரை, காது கேட்ட இடத்திலும் ஒரு முத்திரை. எந்த இடம் செல்லும் என்று முடிவு செய்தாலும் கன்னியப்பன் புருஷன்தான். ஆனாலும் சட்டம் சட்டமல்லவா, இதைப் புரிந்துகொள்ள அதற்கு இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. 1983 ஆவணியில் தனக்கொடி பெயரும் வசந்தா பெயரும் எழுதி, கல்யாணத்துக்குச் சான்றாகப் பிரெஞ்சு சர்க்கார் தரும் குடும்பப் புத்தகம் தபாலில் வந்தது. அதே உறையில், இரவு நேரச் சத்தத்துக்காக அஞ்சலாட்சிக்கு இருநூறு பிராங்கு அபராதம் என்ற உத்தரவும் இருந்தது. ஆறு மணிக்குக் குழாயடியில்தான் இருப்பேன், வந்து வாங்கிக்கொள்ளச் சொல் என்று செல்வாம்பாளை விட்டுப் பதில் எழுதச் சொன்னாள். யாரும் வரவில்லை.

1984இல் தனக்கொடி மகளைக் கூட்டிக்கொண்டு மோன்வியேல் போனாள். புருஷனோடு வாழப் போகவில்லை. அவனிடம் சேரவேண்டியதை அந்த ஊர்ச் சட்டப்படி நேரில் நின்று வாங்கப் போனாள். ஓர் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை கிடைத்தது. தனி வீடு எடுத்தாள். அவள் யாருடைய மகள் என்று தெரிந்ததும் வீட்டுக்காரன் வாடகையைக் கூட்டும் பேச்சையே எடுத்ததில்லை. வசந்தா பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். கன்னியப்பன் மாதம் முதல் தேதி பணத்தை வாசலில் வைத்துவிட்டு, மணியடித்துவிட்டு, ஓடிப்போவான்.

அவர்கள் போன மறுநாள் அஞ்சலாட்சி குழாயடிக்கு வந்து, குடத்தை இறக்கி, தன் வாழ்நாளில் பேசாத குரலில், "கண்ணு, போய்ச் சேந்தியா? சாப்ட்டியா? கொழந்த தூங்கிச்சா?" என்று கேட்டாள். குழாய் சும்மா இருந்தது. மறுநாளும் கேட்டாள். ராஜாத்தி என்றாள், தங்கம் என்றாள். பக்கத்தில் நின்ற பெண்களுக்கு இதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது, தலையைத் திருப்பிக்கொண்டார்கள். இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. மூன்றாம் மாதம் கடிதம் வந்தது: அம்மா, நீ ஏன் பேசுவதில்லை, உடம்பு சரியில்லையா, தினம் ஒன்றரை மணி வரை விழித்திருந்து பார்க்கிறேன்.

செல்வாம்பாள் படித்து முடிப்பதற்குள் அஞ்சலாட்சிக்குக் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. மறுநாள் காலை ஆறு மணிக்குக் குடத்தை வைத்தாள் என்று சொல்லமுடியாது, எறிந்தாள். "அடி சனியனே, மூதேவி, ரெண்டு மாசமா தொண்டத்தண்ணி வத்தக் கேக்கறேன், சாப்ட்டியா சாப்ட்டியான்னு! காதுல இன்னா ஈயத்தயா காச்சி ஊத்திக்கினுக்கிற? பெத்தவ இங்க ஒருத்தி..."

"அம்மா" என்றது குழாய். "இப்பக் கேக்குதும்மா."

அஞ்சலாட்சி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அப்படித்தான். வெள்ளைச் சுண்ணாம்பில் புது அதிகாரி வந்து, பழைய கோப்பைத் திறந்து, வாய் திறந்த இடமா காது கேட்ட இடமா என்று முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். மஞ்சளிலும் ஆரம்பித்தார்கள். குழாயடியில் காலை ஆறு மணிக்கு வரிசை வழக்கம்போல எல்லை தாண்டி நின்றது.

"அடியே பீடை, குளுருக்குக் காதக் கட்டுனியாடி?"

"கட்டுனேன்டி கெழவி. நீ மாத்திரை முழுங்குனியா, இல்ல துப்பிட்டியா?"

"துப்பிட்டேன், இன்னா பண்ணுவ? எம்பேத்தி எங்க, அந்த மூக்குப் பிசாசு?"

"அக்கா, சீக்கிரம் திட்டு, தண்ணி நின்னுடும்" என்று சொல்லிவிட்டு, செல்வாம்பாள் தன் குடத்தைக் குழாய்க்கு அடியில் நகர்த்திவைத்தாள்.